நாலாம் தொட்டி

ஆறு தொட்டி.
ஒற்றைப்படைக்கு இலை, இரட்டைப்படைக்கு வெறுந்தீனி.
பச்சைப் பெயிண்டில் எண் போட்டுவிட்டுப் போனாள் முபீனா,
மேல்விஷாரத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப்
பொன்னைக்கு வருகிற பெண்.
தொண்ணூறு நாள் கணக்கு.
எனக்கு வாடகை, அவளுக்குப் பட்டம்.

கொய்யா எங்கள் வரப்பிலேயே நிற்கிறது.
இலையை நிழலில் உலர்த்தி, மிக்ஸியில் பொடித்து,
ஒரு ராத்திரி ஊறப்போட்டு,
வீட்டுக்காரரின் பழைய வேட்டியில் வடித்தால்
கடுங்காப்பி நிறத்தில் இறங்கும்.
தொட்டு நக்கினால் நாக்கு சுருண்டுகொள்ளும்.
தீனியில் தெளித்து, முட்டை வெள்ளைக்கருவில் பிசறி,
முறத்தில் காயவைத்தேன்.
காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை.
ஜிலேபிக் கெண்டை என்று பெயர் வாங்கிய மீனுக்கு
இப்படி ஒரு துவர்ப்பு!
மூன்று நாள் வாயில் வாங்கித் துப்பிற்று.
நாலாம் நாள்
உலை கொதிப்பதுபோல் தண்ணீர் எழும்பியது.

வாரம் ஒருநாள் எடை.
முப்பத்தெட்டு கிராம் என்பேன்.
முப்பத்தேழு புள்ளி ஆறு என்று எழுதுவாள்.
அந்தப் புள்ளிக்குப் பின்னால்தான்
படிப்பு இருக்கிறது போல.

கத்திரி வெயிலில்
நாலாம் தொட்டியில் ஒன்று ஒருக்களித்து நீந்தியது.
வயிற்றில் குங்குமம் அப்பினாற்போல் புண்.
மறுநாள் ஏழு. அதற்கு மறுநாள்
தென்னை மூட்டில் பதினொன்றைப் புதைத்தேன்.

போன் போட்டேன்.
'அக்கா, அத்தத் தொடாதீங்க. அது கண்ட்ரோல்.'

எனக்குத் தெரிந்த கண்ட்ரோல்
வீட்டுக்காரரின் சர்க்கரை.
மாத்திரை போட்டால் கண்ட்ரோல், போடாவிட்டால் இல்லை.
இவள் சொல்வது
மருந்தே காட்டாமல் வைத்திருப்பது.
'அப்பதான்க்கா இலை இன்னா செஞ்சதுன்னு தெரியும்.'
தெரியும்தான்.

ராத்திரி பதினொரு மணி.
ஏரேட்டர் கரகரவென்று ஓடுகிறது,
ஆற்றுப் பக்கம் ஏதோ ஒரு லாரி.
மூன்றாம் தொட்டிக்கும் நாலாம் தொட்டிக்கும்
நடுவில் ஒன்றரை அடி.
கையில் முறம்.
நான் ஒன்றும் யோசிக்கவில்லை என்று சொல்ல ஆசைதான்.
யோசித்தேன். நிறைய நேரம் நின்று யோசித்தேன்.
பிறகு அள்ளி வீசினேன்.

புண்பட்டவை வரவில்லை.
மற்றவை வந்தன.

ஒன்பது ராத்திரி.
சாவது குறைந்தது, நின்றது.
நடுவில் ஒருநாள் கோடை மழையும் கொட்டியது,
தொட்டியெல்லாம் குளிர்ந்தது.
இலையா, மழையா?
அதைச் சொல்வதற்காகத்தான்
நாலாம் தொட்டி இருந்தது.

எடை நாளில் முபீனா
கூடையைத் தராசில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.
தொட்டியைப் பார்த்தாள்.
சுவரில் சாய்த்திருந்த முறத்தைப் பார்த்தாள்.
'அக்கா' என்றாள்.
அவ்வளவுதான்.
ஸ்கேல் வைத்து அந்த வரிசைமேல் ஒரு கோடு இழுத்தாள்.
ஓரத்தில் இங்கிலீஷில் ஏதோ எழுதினாள்.
என்னவென்று கேட்டேன்.
'இத்தக் கணக்குல சேக்கலன்னு.'
டீ போட்டுக் கொடுத்தேன். ஆறவிட்டுக் குடித்தாள்.

இரண்டும் ஆறும்
ஒரு இலையும் காணாமல் நன்றாகவே வளர்ந்தன.
கொஞ்சம் எடை கம்மி,
ஒரு புண் இல்லை.
அதையும் எழுதிக்கொண்டாள்.

தொண்ணூறாம் நாள் முடிந்ததும்
காட்பாடி வியாபாரி
ஆறு தொட்டி மீனையும் ஒரே டப்பில் கொட்டினான்,
ஒரே விலை போட்டான்.
எண் கேட்கவில்லை.

ஆடியில் மறுபடி வந்தாள்.
புதுக் குஞ்சு, புது நோட்டு,
இந்த முறை நொச்சி இலை.
பையிலிருந்து ஒரு பூட்டும் எடுத்தாள்,
தீனி டிரம்முக்கு.
சின்னப் பூட்டு, ஒரே சாவி.
தினமும் தீனி போடுகிறவள் நான்.
சாவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவளும்,
கையை நீட்டாமல் நானும்
பஸ் வருகிறவரை நின்றுகொண்டிருந்தோம்.